பல் பிடுங்கிய குழியில் மஞ்சளா?

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குத் தெருவே வைத்தியராகிவிடும். "கிராம்பை நசுக்கி வை", "மஞ்சப்பொடியை அப்பு", "கல்லுப்பு போட்டு நல்லாக் கொப்பளி" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பதில் சொல்லவும் வழியில்லை, வாயில்தான் பஞ்சு இருக்கிறதே!

அவர்கள் சொல்லும் சரக்கில் குறையில்லை. நேரத்தில்தான் கோளாறு.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். நரம்பை மரக்கச் செய்யும், கிருமியையும் அடக்கும். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அது இதுதான். துத்தநாக ஆக்சைடோடு இதைக் குழைத்துத்தான் தற்காலிகமாகப் பல்லை அடைப்பார்கள். ஆனால் கிராம்பு வலியையும் கிருமியையும் அடக்குமே தவிர, புண்ணை ஆற்றாது. எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும்.

புண்ணை ஆற்றுவது குழியில் உறைந்து நிற்கும் ரத்தம். அந்தக் கட்டியைப் பிடித்துக்கொண்டுதான் புதுச் சதை வளரும், பிறகு எலும்பு. கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி தெறிக்கும். 'ட்ரை சாக்கெட்' என்பார்கள். கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் சிகரெட் விடாதவர்களுக்கும் இது அதிகம். அப்போது மருத்துவர் குழியைக் கழுவி, யூஜினால் கலந்த மருந்தை வைப்பார். கிராம்புக்கு உரிய இடம் அது.

அதனால் முதல் 24 மணி நேரம் குழிக்குள் எதுவும் வேண்டாம். பொடி வேண்டாம், இலைச்சாறு வேண்டாம், கொப்பளிக்கவே வேண்டாம். உறிஞ்சுகுழாயில் இளநீர் குடிப்பதுகூடக் கட்டியை இழுத்துவிடும். ரத்தக் கசிவு நிற்கவில்லையா? தேயிலைப் பையை நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. தேயிலையின் துவர்ப்பு, அதாவது டானின், ரத்தம் உறையத் துணைசெய்யும். நம் மாசிக்காயிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பும் இதே இனம்தான். ஆனால் அவற்றின் பொடி குழிக்குள் தங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

கற்றாழைச் சதையில் உள்ள அசெமன்னன் என்ற பொருளைப் பிரித்தெடுத்துக் குழியில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பலன் நம்பிக்கை தருகிறது. அது சுத்திகரித்த சாரம். தொட்டியில் வளரும் கற்றாழையை அறுத்து வைப்பது வேறு கதை.

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்ல அலசலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல்லெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி மூன்றாம் நாள் குறையாமல் ஏறினால், அஞ்சறைப்பெட்டியைத் திறக்காமல் பல் மருத்துவரிடம் போங்கள்.