பொதிந்து தரும் மென்பொருளும் அமானிதமே

சந்தையில் சரக்கின் குறையை மறைத்து விற்றல் கூடாது என்பது இஸ்லாம் வகுத்த வாணிப நெறி. பிறர் நம்பி ஒப்படைத்ததைப் பேணுதல் அமானிதம். இவ்விரு நெறிகளும் கண்ணுக்குப் புலப்படாத மென்பொருளுக்கும், அது இலவசமாக வழங்கப்படும்போதும் பொருந்தும் என்பதே என் கருத்து.

மனிதர் படித்தறியும் வகையில் எழுதப்படுவது மூலநிரல். அதனைக் கணிப்பொறி நேரடியாக இயக்கும் வடிவுக்கு மாற்றினால் இருமக் கோப்பு கிடைக்கும். ஒரு வகைப் பொறிக்கென ஆக்கிய இருமக் கோப்பு மற்றொரு வகையில் இயங்குவதில்லை. ஆதலின் யூனிக்ஸ் குடும்பத்திற் பலர் கையாளும் அமைப்புகளுக்கு ஆயத்த மென்பொருள் எளிதிற் கிடைக்க, சிலர் மட்டுமே கையாள்வனவற்றுக்கு அது அரிதாயிற்று.

அமெரிக்காவின் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐரிக்ஸ் இதற்குத் தக்க சான்று. 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்தின் கணிப்பொறி வரைகலைக்கு உதவியவை அந்நிறுவனத்தின் பொறிகளே. எனினும், மூலநிரலை இருமக் கோப்பாக மாற்றும் அந்நிறுவனத்தின் கம்பைலரைத் தனி விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. இலவசக் கம்பைலர் இருந்தபோதிலும், பெரிய நிரலொன்றை ஆக்குவதற்குப் பொறுமையும் பயிற்சியும் பல மணி நேரமும் வேண்டும். ஆகவே, வல்லவர் சிலர் ஆக்கி, சுருக்கி, பொதிந்து, ஏனையோர்க்குப் பொருள் பெறாமல் வழங்கினர். நிறுவனமும் அத்தகைய தொகுப்பொன்றை வழங்கியது. பின்னர் ஆர்வலர்கள் நெக்கோவேர் என்னும் பெயரில் அப்பணியைச் செய்தனர். ஐரிக்ஸ் பொறிகளின் உற்பத்தி 2006 டிசம்பரில் நின்றது. நிறுவனத்தின் ஆதரவு 2013இல் முடிந்தது. நெக்கோவேரின் தாயகமாக விளங்கிய நெக்கோசான் 2018இல் மூடப்பட்டது. பலர் படியெடுத்து வைத்திருந்தமையால் அப்பொதிகள் அழியாது எஞ்சின.

இது போற்றத்தக்க கொடை. ஆயினும் பொதியை மட்டும் தருதல் போதுமா?

1992இல் வெளிவந்த ஜிசிப் என்னும் சுருக்கும் கருவி, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை முன்பு வந்த இடத்தைச் சுட்டும் குறிப்புகளாக மாற்றிக் கோப்பின் அளவைக் குறைக்கிறது. வழியிற் கோப்பு சிதைந்ததா என அறியச் சரிபார்ப்பு எண் ஒன்றையும் உடன் வைக்கிறது. அந்த எண் தற்செயலான பழுதைக் காட்டும், வஞ்சகத்தைக் காட்டாது. திருத்தியவரே புதிய எண்ணையும் கணித்து வைத்துவிட இயலுமன்றோ!

இது வீண் அச்சமன்று. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் மற்றொரு சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள நிரல் புகுத்தப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அதனை இயக்கிவைக்கும் பகுதி, யாவரும் காணும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை; வெளியிட்ட பொதியில் மட்டுமே இருந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறியினுள் நுழைகையில் ஏறத்தாழ அரை வினாடித் தாமதம் ஏற்படுவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஒருவரால் உண்மை புலனாயிற்று.

ஆதலின் பொதியுடன் மூன்று துணைகள் வர வேண்டும்: மூலநிரல், அதை ஆக்கிய முறை, ஆக்கியவரின் மின்னொப்பம். இவற்றுள் மூலநிரலைத் தருமாறு 1991ஆம் ஆண்டின் ஜிபிஎல் இரண்டாம் உரிமமே கட்டளையிடுகிறது. இருமக் கோப்பை வழங்குவோர் மூலநிரலையும் சேர்த்து வழங்க வேண்டும். அல்லது கேட்போர்க்குத் தருவதாகக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துறுதி அளிக்க வேண்டும்.

இலவசமாகத் தருபவரிடம் இவ்வளவு கேட்பது நன்றியன்று எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. இத்துணைகள் கொடையாளியின் நற்பெயரையும் காக்கின்றன. அவர் விலகிய பின்னரும் பணி தொடர வழி செய்கின்றன. உருவாக்கிய நிறுவனமே கைவிட்ட அமைப்பில் பிழையொன்று தோன்றினால், மூலநிரல் இன்றி அதனை யாரால் திருத்த முடியும்?

கிணறு வெட்டுதல் ஸதகத்துல் ஜாரியா எனும் நிலையான தர்மம். வெட்டியவரே அதன் வாயை மூடிச் சாவியைத் தம்முடன் கொண்டு சென்றால் அந்தத் தர்மம் எவ்வாறு நிலைக்கும்? மென்பொருளை ஆக்கி வழங்கும் ஆற்றல் பெற்ற மாணவர்கள், கொடுப்பதோடு அமையாது, பெறுவோர் ஆராய்ந்து அறியும் வண்ணம் கொடுக்கப் பழகுவார்களாக!