‘பித்துப்பிடித்த மேதை’ என்னும் கட்டுக்கதை: ஸ்பைக் மில்லிகனின் நகைச்சுவை குறித்து

2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் நாள் ஸ்பைக் மில்லிகன் தமது எண்பத்து மூன்றாவது வயதிற் காலமானார். ஆங்கில வானொலி நகைச்சுவையின் போக்கையே மாற்றியமைத்த இவரைப் பற்றி அன்றும் இன்றும் எழுதுவோர் பலரும் ஒரே பட்டத்தையே சூட்டி வருகின்றனர்: பித்துப்பிடித்த மேதை. மேலோட்டமாக நோக்குமிடத்து இது புகழுரை. உண்மையில் இது கைகழுவி விடுதலாகும். பித்தன் கூறியதற்கு எவரும் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. பித்தன் செய்ததற்கு எவரும் கணக்குக் கேட்க வேண்டியதுமில்லை. மில்லிகனின் கலைவாழ்வில் பாராட்டத்தக்கது எதுவோ, கண்டிக்கத்தக்கது எதுவோ, இரண்டையும் இந்த ஒரு பட்டம் ஒருங்கே மூடி மறைத்துவிடுகின்றது.

மறுபுறத்தில், யதார்த்தவாதத்தையே கலையின் ஒரே அளவுகோலாகக் கொண்டோர், சர்ரியலிச நகைச்சுவையைப் பொறுப்பற்ற சொல்விளையாட்டு எனத் தள்ளிவிடுகின்றனர். இவர்கள் வரலாற்றை மறந்தவர்கள். 1924 இல் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்ட ஆந்திரே பிரெத்தோன், முதலாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவ மருத்துவமனைகளிலே மனம் சிதைந்த போர்வீரர்களிடையே பணிபுரிந்தவர். கனவின் தர்க்கத்தைக் கலையின் தர்க்கமாக்கும் அவ்வியக்கம் போர்க்களத்தின் பின்வாசலிலிருந்தே புறப்பட்டது. மில்லிகனின் நகைச்சுவையும் அதே வாசலாலேயே வெளிவந்தது.

அவர் 1918 ஏப்பிரல் 16 ஆம் நாள் இந்தியாவின் அகமத்நகரிற் பிறந்தார். தந்தையார் பிரித்தானியப் படையிற் பணியாற்றிய ஐரிஷ்காரர். பூனாவிலும் இரங்கூனிலும் கழிந்த இளமை, 1930களின் தொடக்கத்தில் இலண்டனின் தென்கிழக்குப் புறநகரொன்றில் வந்து முடிந்தது. குடியேற்ற நாட்டில் ஆள்வோர் வரிசையில் நின்ற குடும்பம் தாயகத்திலே சாதாரண எழுதுவினைஞர் குடும்பமாயிற்று. ஏகாதிபத்தியத்தின் ஆடம்பரத்தையும் அதன் வெறுமையையும் ஒருங்கே கண்ட பார்வை இது. வேறெந்தப் பயிற்சியும் இதனைத் தந்திருக்க முடியாது. பின்னர் போர். பீரங்கிப் படையாளாக வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட அவர், 1944 சனவரியில் கசினோப் போர்முனையருகே மோட்டார்க் குண்டினாற் காயமுற்றார். மனம் தேறுமுன்னரே மீண்டும் பீரங்கிகளிடம் அனுப்பப்பட்டார். வெடியோசையைத் தாங்கமாட்டாது நடுங்கியவருக்கு மேலதிகாரி அளித்த சிகிச்சை பதவிக்குறைப்பு. அதிகாரம் தனது அறிவீனத்தை எத்துணை நிதானமான குரலிற் பேசும் என்பதை மில்லிகன் அங்கேதான் கேட்டார்.

அந்தக் குரலையே அவர் வானொலிக்குக் கொண்டுவந்தார். ‘த கூன் ஷோ’ 1951 மே 28 ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் வேறொரு பெயரில் ஆரம்பித்து, 1960 சனவரி வரை பத்துத் தொடர்களாக ஒலித்தது. பீற்றர் செல்லர்ஸ், ஹரி சீகம்ப், முதலிரு தொடர்களில் மைக்கல் பென்ரீன் ஆகியோர் உடன் நடித்தனர். அதில் வரும் மேஜர் பிளட்னொக் இந்தியப் படையில் இருந்த அதிகாரி: கோழை, கையூட்டு வாங்குபவன், படைக் கருவூலத்தில் கைவைப்பவன். கிரிற்பைப்-தின் என்பான் உயர்குடி ஆங்கிலம் பேசும் மோசடிக்காரன். அவனுடைய உச்சரிப்பை நம்பியே அப்பாவி நெடி சீகூன் வாரந்தோறும் ஏமாறுகிறான். இவர்களை அர்த்தமற்ற பாத்திரங்கள் என்போர், பேரரசொன்றின் அதிகாரவர்க்கம் முழுவதும் இங்கே பெயர் மாற்றி நிறுத்தப்பட்டிருப்பதைக் காணாதது வியப்பே.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1954 இல் ஒலிபரப்பான ஒரு பகுதியில், போர்க்கால இருட்டடிப்பின்போது பெக்ஸ்ஹில் என்னும் கடற்கரை ஊரில் யாரோ மக்கள்மீது மாவினாற் செய்த புடிங்குகளை எறிகிறார்கள். படைத்துறையின் முழுக் கம்பீரத்துடனும் அந்தக் குற்றவாளியைத் தேடி ஆபிரிக்காவரை துரத்தல் நிகழ்கிறது. மில்லிகன் தமது படைச் சேவையின் ஆரம்ப நாள்களைக் கழித்த ஊர் அதே பெக்ஸ்ஹில். 1957 இல் வந்த வேறொரு பகுதியில், எக்கிள்ஸ் என்னும் பேதை, நேரம் என்னவென்று கேட்போருக்குச் சொல்வதற்காக அதனைக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறான். கடதாசியில் உள்ள நேரமே அவனுக்கு நேரம். கந்தோர்களில் ஒரு நாளைக் கழித்த எவருக்கும் இந்தப் பேதைமையின் உறைவிடம் எதுவென விளக்க வேண்டியதில்லை. 1955 இல் ஓர்வெல்லின் நாவலைப் பகிடி செய்தபோது, சர்வாதிகார அரசின் இடத்திலே தமக்குச் சம்பளம் தரும் பி.பி.சி.யையே அவர் வைத்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இனி, ‘பித்து’ என்பதைப் பார்ப்போம். மில்லிகன் கடுமையான மனநோயால் வாழ்நாள் முழுவதும் அவதியுற்றார், இதனை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்நோயே நகைச்சுவையைப் பிறப்பித்தது என்பது சோம்பேறித்தனமான வாதம். லரி ஸ்ரீவன்ஸ், எரிக் சைக்ஸ் முதலியோர் துணைநின்ற காலங்கள் உண்டெனினும், பிரதியாக்கத்தின் பெரும்பாரம் அவர்மீதே விழுந்தது. பருவமொன்றில் ஏறக்குறைய இருபத்தாறு வாரங்கள், வாரம் ஒரு பிரதி, அரைமணி நேரம். சொற்கள் மட்டுமன்றி ஓசைகளும் எழுதப்பட வேண்டும். ஓசைகளையே கதைமாந்தராக்கிய அந்த நுட்பம் எழுதியும் அடித்தும் திருத்தியும் செய்த தொழில். 1952 இன் இறுதியில் அவர் முற்றாக நிலைகுலைந்து மருத்துவமனை சேர்ந்து, மூன்றாம் தொடரின் பல பகுதிகளில் நடிக்க இயலாதுபோனார். ஆகவே நோய் அவரது எழுத்துக்கு ஊற்றன்று. போரும் வேலைப்பளுவும் அவரிடம் வசூலித்த விலை. உழைப்பை வெறியாட்டாகக் காட்டுவதால் நயமடைவோர் உழைப்பைப் பெற்றுக்கொண்டோரே.

மேடையிலும் இதே திறன் வெளிப்பட்டது. 1964 இல் கொஞ்சரோவின் ‘ஒப்லொமொவ்’ நாவலின் நாடகவடிவம் தோல்வியை நெருங்கியபோது, மில்லிகன் பிரதியைக் கைவிட்டு அவையோருடன் நேரே உரையாடத் தலைப்பட்டார். இரவுக்கிரவு வேறுபட்ட அந்நாடகம் நீண்டகாலம் ஓடியது. 1969 இல் தொலைக்காட்சியில் வந்த ‘கியூ 5’, காட்சிகளை முடிப்பின்றி நடுவே விட்டுச்செல்லும் துணிவைக் காட்டியது. அவ்வாண்டின் பிற்பகுதியிற் தோன்றிய மொன்ரி பைதன் குழுவினர் தாம் அதற்குக் கடன்பட்டதை ஒப்புக்கொண்டுள்ளனர்.

ஆனால் அதே 1969 இல் அவர் செய்த வேறொன்றும் உண்டு. ஜொனி ஸ்பைற் எழுதிய ‘கறி அன்ட் சிப்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், மில்லிகன் முகத்துக்குப் பழுப்பு நிறம் பூசி, ஐரிஷ்–பாகிஸ்தானியத் தொழிலாளியாக நடித்தார். இனவெறியை எள்ளுவதே நோக்கம் எனப்பட்டது. நோக்கம் அதுவாகவே இருக்கலாம். எனினும் முந்திய ஆண்டு எத்தகையது? 1968 மார்ச்சில் கென்ய ஆசியரின் நுழைவைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஏப்பிரலில் ஈனொக் பவல் குடியேறிகளுக்கெதிரான தமது பேச்சை நிகழ்த்தினார். அச்சூழலில், தொழிற்சாலையிலே பாகிஸ்தானியனுக்கு வீசப்படும் வசைகளைக் கேட்டு வீட்டிலிருந்து சிரித்தவர் யாரைப் பார்த்துச் சிரித்தார்? ஆறு பகுதிகளுடன் அத்தொடர் நிறுத்தப்பட்டது. அப்போதும் மில்லிகன் கற்றாரில்லை. 1975 இல் சட்டவிரோதக் குடியேறிகளாகிய பாகிஸ்தானியரைப் பற்றித் தாமே இணைந்து எழுதி நடித்த ‘த மெல்ரிங் பொட்’, முதற் பகுதியோடு பி.பி.சி.யால் நிறுத்தப்பட்டது.

‘அவர் எல்லோரையும் பார்த்துத்தானே சிரித்தார்’ என்பர் அவரது அன்பர்கள். மேஜர் பிளட்னொக் ஒருபோதும் வேலைக்காகவும் வீட்டுக்காகவும் வரிசையில் நின்றவனல்லன். அவனைப் பார்த்துச் சிரிப்பதால் அவன் வீட்டு யன்னல் உடைவதில்லை. கேலியின் சொற்கள் ஒன்றாயிருக்கலாம். அது விழும் முதுகுகள் ஒன்றல்ல. ‘நோயாளி, அறியாது செய்தார்’ என்பது இன்னும் மோசமான சமாதானம். கூன் ஷோவை எழுதியவர் அறிந்தே எழுதினார் எனில், பழுப்பு நிறத்தையும் அறிந்தேதான் பூசினார்.

இதில் மிகவும் உறுத்துவது, மில்லிகன் தாமே கடதாசியொன்றினால் அந்நியராக்கப்பட்டவர் என்பது. பிரித்தானியப் படையில் இரத்தம் சிந்திய அவருக்கு, 1960களின் ஆரம்பத்தில் பிரித்தானியக் கடவுச்சீட்டு உரித்தன்று எனப்பட்டது. விசுவாசப் பிரமாணம் செய்தாற் பெறலாம் என்றனர். அவர் மறுத்து, 1962 இல் அயர்லாந்துக் குடியுரிமை பெற்றார். எக்கிள்ஸின் கடதாசியைப் படைத்தவரை அதே கடதாசி வந்து தீண்டிற்று. அந்த அனுபவத்திலிருந்து ‘கறி அன்ட் சிப்ஸை’ எழுதியிருக்க வேண்டியவர் அவரே. அவரோ வேறொருவர் எழுதியதற்கு முகத்தைக் கொடுத்தார்.

விஞ்செல்சியிலுள்ள அவரது கல்லறைக் கல்லில், தாம் நோயுற்றிருப்பதாக முன்னரே சொன்னதாகக் கூறும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அது அவரே விரும்பிய வாசகம். ஆங்கிலத்தில் அதனைப் பொறிக்கத் திருச்சபை மறைமாவட்டம் இணங்கவில்லை. ஐரிஷ் மொழியில் எழுத அனுமதித்தார்கள். அவ்வழியாகப் போவோரில் மிகப் பலருக்கு அம்மொழி வாசிக்கத் தெரியாது.