செனகா சொன்னதும் செய்ததும்

மனைவி காலமான பிறகு என் கைப்பேசிக்கு வரும் பொன்மொழிகளில் பெரும்பாலானவை ரோமானியத் தத்துவஞானி செனகாவின் பெயரில் வருகின்றன. “தனிமையைப் பழகிக்கொள்ளுங்கள் சார், ஞானிகளெல்லாம் அதைத்தானே விரும்பினார்கள்!” என்று கூடவே ஒரு வரி. அனுப்புகிறவர்கள் என் பழைய மாணவர்கள், அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்கு ரோம வரலாறு நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். தனிமையைப் புகழ்ந்த அந்த ரோமானியர்கள், வேண்டாம் என்று தோன்றிய நிமிடமே அதைவிட்டு எழுந்து வரக்கூடியவர்கள். அந்த வசதி பறிபோனபோது அவர்கள் பேச்சே மாறிவிட்டது.

ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினிக்கு ரோமிலிருந்து 17 மைல் தொலைவில், லாரெண்டத்தில் ஒரு கடற்கரை மாளிகை இருந்தது. டிசம்பரில் சாட்டர்னாலியா திருவிழாவுக்கு வீடே அல்லோலகல்லோலப்படும்போது, ஒதுக்குப்புறமான தன் அறைகளுக்குப் போய்ப் படிப்பதில் அவருக்குப் பரம சுகம். சத்தம் போடுகிறவர்கள் அவர் வீட்டு ஆட்கள்தாம். குரல் கொடுத்தால் ஓடிவருவார்கள். அதே பிளினி, மனைவி கால்பூர்னியா ஊரில் இல்லாத நாட்களில் அவருக்கு எழுதிய கடிதம் வேறு மாதிரி. வழக்கமாக அவரைப் பார்க்கப் போகும் நேரம் வந்ததும் கால்கள் தாமாகவே அந்த அறைக்கு இழுத்துப் போகின்றனவாம்; ஆளில்லாத வாசலைப் பார்த்துவிட்டு மனம் நொந்து திரும்புகிறாராம். இது எனக்கு நன்றாகவே புரிகிறது.

இனி செனகா. கி.பி. 41-இல் பேரரசர் கிளாடியஸ் அவரைக் கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தினார். நாடு கடத்தல் என்பது வெறும் இடமாற்றம், வானமும் விண்மீன்களும் எங்கும் ஒன்றுதான் என்று தாய் ஹெல்வியாவுக்கு அங்கிருந்து ஆறுதல் எழுதினார். கம்பீரமான எழுத்து. ஆனால் அதே தீவிலிருந்து, அரண்மனையில் செல்வாக்குள்ள பாலிபியஸுக்கும் எழுதினார். பாலிபியஸின் தம்பி இறந்ததற்கு அனுதாபம் என்று பெயர். வரிக்கு வரி கிளாடியஸுக்குக் காக்காய் பிடிக்கிறார். சுற்றிலும் அந்நிய மொழி கேட்டுக் கேட்டு லத்தீன் வார்த்தைகளே வர மறுக்கின்றன என்று முடிவில் புலம்புகிறார். அப்போதும் விடுதலை கிடைக்கவில்லை. 49-இல் பேரரசி அக்ரிப்பினா தலையிட்ட பிறகுதான் ரோம் திரும்பினார். கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்லி நண்பர் லூசிலியஸுக்குக் கடிதங்கள் எழுதியது முதுமையில். அப்போது அவர் பெரும் செல்வந்தர். தனிமையின் பெருமையைச் சொல்லக்கூட அவருக்கு ஒரு நண்பர் இருந்தார்.

கவிஞர் ஓவிட்டுக்கு ரோம் திரும்பும் கொடுப்பினைகூட இல்லை. கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்து டோமிஸுக்கு அனுப்பினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா அது. குளிரில் திராட்சை மது சாடியின் வடிவிலேயே உறைந்து நிற்கும், துண்டு துண்டாகத்தான் தருவார்கள் என்று எழுதினார். லத்தீன் மறந்துவிடக் கூடாதென்று தனக்குத் தானே பேசிக்கொண்டார். மன்னிப்பு கேட்டுக் கடிதமாக எழுதித் தள்ளியும் பயனில்லை, அங்கேயே இறந்துபோனார்.

செனகாவை நான் குறை சொல்லவில்லை. பேச ஆளில்லாதபோது அவ்வளவு பெரிய தத்துவஞானிக்கே தத்துவம் போதவில்லை என்கிறேன். உங்கள் தெருவில் தனியாக வாழும் பெரியவர் யாராவது இருந்தால், அவருக்கு உபதேசம் வேண்டாம். இந்த வாரமே நேரில் போய்ச் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள்.