கொட்டிவிடும் நீரில் ஒரு பலகாரம்



கிறிஸ்து பிறப்பு விழாப் பலகாரத் தட்டில் மக்ரூன் இருக்க, முட்டை ஒவ்வாத குழந்தை மட்டும் அதைத் தொடாமல் நிற்பதுண்டு. தூத்துக்குடி மக்ரூன், வெண்கருவும் சீனியும் முந்திரித் தூளும் சேர்ந்தது. முந்திரியை நீக்கினால் எஞ்சுவதே மேல்நாட்டாரின் மெரங். அதனை முட்டையின்றிச் செய்யும் வழி, கொண்டைக்கடலை வெந்த நீரில் உள்ளது.

2014-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இசைக்கலைஞர் ஜோயல் ரோசல், பயறு வெந்த நீர் வெண்கருவைப் போல் நுரைப்பதைக் கண்டார். 2015-இல் அமெரிக்கப் பொறியாளர் கூஸ் வோல்ட், கடலை நீரும் சீனியுமே மெரங்குக்குப் போதும் எனக் காட்டி, 'அக்வாஃபாபா' எனப் பெயரிட்டார். இலத்தீனில் 'அக்வா' நீர், 'ஃபாபா' அவரை.

கடலை வேகும்போது அதன் புரதமும் மாவுப்பொருளும் சபோனினும் நீரில் கரைகின்றன. பூந்திக்கொட்டையை நுரைக்கச் செய்வதும் இந்தச் சபோனினே. புரதமும் சபோனினும் காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து காக்கின்றன. மாவுப்பொருளும் சீனியும் நீரைக் கெட்டியாக்கி, குமிழிகள் உடையாது தாங்குகின்றன.

செய்முறை: கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் உப்பின்றி வேகவைக்க வேண்டும். ஆறியபின் வடித்த நீர், வெண்கருவைப் போல் வழுவழுப்பாக இராவிடின் மேலும் சுண்டக் காய்ச்சிக் குளிரவிடுக. அரைக் கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மின் கடைகருவியால் நுரைக்கக் கடைக. பின் 100 கிராம் பொடித்த சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை கூர்முனையாக நிற்கும்வரை கடைக. பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருத்தலாகாது, நுரை எழாது.

வெண்கரு சூட்டில் இறுகும்; கடலை நுரை அவ்வாறு உறுதியாக இறுகாது. ஆகவே இது வேகவேண்டியதன்று, உலரவேண்டியது. அடுப்பின் சூடு 100 பாகை. காலம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சூடு மிகுந்தால் அமிழ்ந்துவிடும். அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டு, உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்திடுக. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சிறு பொழுதிலேயே நமுத்துவிடும்.

முட்டையின் ஊட்டம் இதில் இல்லை என்பதையும் மறவாதீர். முட்டை ஒவ்வாத பிள்ளைகளுள் சிலருக்குப் பயறும் ஒவ்வாது. ஐயமிருப்பின் மருத்துவரைக் கேட்ட பின்னரே கொடுத்திடுக. ஒவ்வுமெனில், வரும் விழாவில் அப்பிள்ளையின் கைக்கே முதல் மெரங்கைக் கொடுங்கள்.