கையெழுத்துப் போடுபவரே பொறுப்பு

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வழக்குரைஞர் அலுவலகங்களுக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டன. மனு வரைவது, தீர்ப்பைச் சுருக்குவது, புகாரை மொழிபெயர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் அவை கைகொடுக்கின்றன. சட்டக் கல்லூரி மாணவர்களும், வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவாகப் போகும் இளம் தோழர்களும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீதிமன்ற ஆங்கிலம் நம் மக்களை வாசலிலேயே நிறுத்தி வைத்த காலம் நீண்டது. ஐம்பது பக்கத் தீர்ப்பை எளிய தமிழில் புரிந்துகொள்ள ஒரு கருவி உதவினால் அதை ஏன் மறுக்க வேண்டும்? நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கருவி தவறு செய்தால் விலை கொடுப்பது யார்?

2023இல் அமெரிக்காவில், அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்யப்பட்டது. அப்படித் தீர்ப்புகளே இல்லை என்று தெரிந்ததும் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அதைக் கட்ட வேண்டியவர்கள் வழக்குரைஞர்கள். நம் வழக்குகளில் நிலைமை வேறு. வன்கொடுமை வழக்கில் ஒரு பிரிவு தவறினால், ஒரு சொல் விடுபட்டால், குற்றவாளி வெளியே வருவார். புகார் கொடுத்தவர் அதே ஊரில் அவர் எதிரில் நடக்க வேண்டியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 173(3) பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், முதல் தகவல் அறிக்கைக்கு முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தக் காவல்துறைக்கு இடம் தருகிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. எனவே "14 நாள் விசாரணை நடத்தலாம்" என்று செயலி நம்பிக்கையோடு பதில் சொல்லக்கூடும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறது 20ஆம் பிரிவு.

அந்த 18-ஏ சும்மா வந்துவிடவில்லை. 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்களையும் இழந்தார்கள். அதன் பிறகுதான் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைக் கொண்டுவந்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உயிர் கொடுத்து மீட்ட உரிமையைச் சரிபார்க்காத ஒரு பதிலால் இழக்க முடியாது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் தமிழில் சொன்ன வசவை இயந்திரம் நாகரிகமாக்கி, "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் அந்தப் பிரிவின் உயிரே போய்விடும். காதால் கேட்க முடியாத சொல்லானாலும் அது சொன்னபடியே பதிவாக வேண்டும். எந்த இடத்தில், யார் முன்னிலையில் என்பதும் விடுபடக் கூடாது.

மூன்றாவது, இந்தச் செயலிகள் கற்றது எதிலிருந்து? ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். செல்வந்தர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை உயர் நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்புகளும் சேர்ந்ததுதான் நம் சட்ட ஆவணக் காப்பகம். "இந்த வழக்கு நிற்குமா?" என்று இயந்திரத்திடம் கேட்டால், பழைய சாதி மனம் புள்ளிவிவர வேடத்தில் வந்து பதில் சொல்லலாம்.

நான்காவது, ரகசியம். புகாரில் பெயர், தெரு, சாதி, சாட்சிகளின் விவரம் எல்லாம் இருக்கும். அதைப் படம் பிடித்து இலவசச் செயலியில் ஏற்றினால், அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. சாட்சிக்கு மிரட்டல் வரும் வழக்குகளில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வகுத்தது. தீர்ப்பு, உத்தரவு போன்றவற்றில் முடிவெடுக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது, மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. நல்ல தொடக்கம். ஆனால் அது நீதிபதிகளுக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும் உரியது. வழக்குரைஞர்களுக்கும் காவல்துறைக்கும் இதுபோன்ற விதிகள் வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் நாமே கடைப்பிடிக்க வேண்டியவை:

1. செயலி தரும் ஒவ்வொரு தீர்ப்பையும் நீதிமன்ற இணையதளத்தில் தேடி, முழுதாக வாசித்த பிறகே மேற்கோள் காட்ட வேண்டும்.

2. பிரிவு எண்ணைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய சட்டத்தில் 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன்.

3. பெயர், ஊர், சாட்சி விவரங்களைச் செயலியில் ஏற்றக் கூடாது.

4. ஆங்கில மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்க வேண்டும்.

5. செயலியைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தன் வழக்கில் நடப்பதை அறியும் உரிமையை 15-ஏ பிரிவு அவருக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமையின் நீட்சியாகவே இதைப் பார்க்க வேண்டும்.

தோழர்களே, இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மனுவில் கையெழுத்துப் போடுபவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாளை அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். போடுவதற்கு முன் ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.