நம் வீட்டு ஆயாவும் நம் பிள்ளைகளின் நாவும்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகனின் குரல் கேட்டது. அவனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த களைப்பில் சோபாவில் சாய்ந்திருந்தான். ஒரு காலில் ஷூ இருந்தது. மற்றொரு ஷூ கூடத்தின் நடுவே கிடந்தது. சமையலறைப் பக்கம் பார்த்து அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டா உடனே வரமாட்டியா? உனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கறோம்?"

உள்ளிருந்து பதில் வந்தது: "இதோ வந்துட்டனுங்க சாமி."

அந்தப் பதிலைச் சொன்னவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர். என் மகன் பிறந்து நாற்பது நாள் முடிந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவனுக்கு முதன்முதலில் சோறு பிசைந்து ஊட்டிய கை அவருடையது. மத்ரஸாவுக்கு அவனை அழைத்துச் சென்று, பாடம் முடியும்வரை வாசல் வேப்பமரத்தடியில் காத்திருப்பவரும் அவரே. நாங்கள் அவரை 'ஆயா' என்று அழைக்கிறோம். நம் கொங்குப் பகுதியில் அது பாட்டியை அழைக்கும் சொல்லும்கூட என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

மகனைக் கண்டிக்க வாய் திறந்தேன், சொல் வரவில்லை. ஏனெனில் அவன் சொன்ன வாக்கியம் என்னுடையது.

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். உடைத்த தேங்காய் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கையில் வானம் திடீரென்று கறுத்தால், தார்ப்பாயை இழுத்துப் போர்த்துவதற்குச் சில நிமிடங்களே இருக்கும். நனைந்த பருப்பு பூஞ்சை பிடித்துவிடும், விலை பாதியாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு மாலையில், தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கத் தாமதித்த வடமாநிலத் தொழிலாளி ஒருவரைப் பார்த்து அதே வாக்கியத்தை நான் உரக்கக் கத்தினேன். அவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தொனி எந்த மொழிக்காரருக்கும் புரியக்கூடியது. என் மகன் அப்போது வண்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் நம் அறிவுரையை மறந்துவிடுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். இதை மட்டும் அவன் ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தான்.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் எழுதவில்லை. அல்லாஹ் நம்மில் பலருக்கு வசதியைக் கொடுத்திருக்கிறான். எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று நம் குடும்பங்கள் முன்னேறியிருக்கின்றன. நம் பெற்றோர் தம் துணியைத் தாமே துவைத்தவர்கள். நம் பிள்ளைகளுக்கோ சோறூட்ட ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர் இருக்கிறார்கள். திருமண மண்டபங்களில் கவனித்துப் பாருங்கள். குடும்பம் மேசையில் அமர்ந்து பிரியாணி சாப்பிடும். குழந்தையின் பால் பாட்டிலும் பையும் தாங்கிய ஒரு பெண் சுவரோரம் நின்றிருப்பார். நான்கு வயதுக் குழந்தை அவர் முகத்தில் கரண்டியை வீசும். சுற்றியிருப்பவர்கள், "ரொம்ப வாலு" என்று சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் சிரிப்பார். அவருக்கு வேறு வழியில்லை. கடைசிப் பந்தியில் மிஞ்சியதை உண்டுவிட்டு வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொள்வார்.

பணியாள் உணவு சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உங்களோடு அமர வையுங்கள்; இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள்; அடுப்பின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவரல்லவா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. நம்மில் பலர் இதை ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைத்திருக்கிறோம். நானும்தான்.

இப்போது கொங்குத் தமிழைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் நம் பேச்சைக் கேட்டு வியப்பது ஒரு சிறு ஒலியை: 'ங்க'. 'சரீங்க', 'ஏனுங்க', 'வந்துட்டனுங்க' என்று எல்லாவற்றின் வாலிலும் அது ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் சிறு குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று அழைக்கும் மண் இது. எங்கள் ஆயா என் மகனை 'சாமி' என்கிறார். தொழுகைக்குத் தொப்பி மாட்டிவிடும்போதும் அதே 'சாமி'தான். அதில் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. மாறாக, இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அன்று மாலை கேட்ட 'வந்துட்டனுங்க சாமி'யில் எவ்வளவு பாசம், எவ்வளவு அச்சம் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. சம்பளம் வாங்குபவர் சொல்லும் 'ங்க'வில் இந்தச் சிக்கல் எப்போதும் இருக்கும். பதிலுக்கு என் மகனின் பேச்சில் 'ங்க' அறவே இல்லை. தன்னைவிட நாற்பத்தைந்து வயது மூத்தவரை அவன் 'வா, போ' என்கிறான். அவனுடைய நன்னிமாவிடம் அப்படிப் பேசினால் வீடே அதிர்ந்திருக்கும்.

இதில் நமக்கு அறியாமை என்ற சாக்கு கிடையாது. சொல்லின் கடைசி எழுத்தில் கண்ணியம் இருப்பதைத் தமிழ் முஸ்லிம்களைவிட நன்கு அறிந்தவர் யார்? 'நபி சொன்னார்' என்று ஒரு குழந்தை சொன்னால்கூட, "நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று சொல்" என்று திருத்துகிறோம். ஸஹாபாக்களின் பெயருக்குப் பின் 'அவர்கள்' விடுபட்டால் நமக்குக் காது கூசுகிறது. அப்படி நாம் 'அவர்கள்' சேர்த்துச் சொல்லும் பெயர்களில் ஒன்று உம்மு ஐமன் (ரலி).

அவர்கள் யார்? பரகா என்ற அபிசீனியப் பெண்மணி. நபி (ஸல்) அவர்களின் தந்தை அப்துல்லாஹ்வின் வீட்டு அடிமையாக இருந்தவர்கள். ஆறு வயதுச் சிறுவராக இருந்த நபியவர்கள் அப்வாவில் தாயார் ஆமினாவை இழந்தபோது, உடனிருந்து மக்காவுக்கு அழைத்துவந்து பாட்டனார் அப்துல் முத்தலிபிடம் சேர்த்தவர்கள். பிற்காலத்தில் நபியவர்களால் விடுதலை செய்யப்பட்டவர்கள். நம் இன்றைய சொல்லில் சொன்னால், அவர்கள் ஓர் ஆயா.

நபியவர்கள் ஒரு சமூகத்தின் தலைவராக மதீனாவில் வாழ்ந்த காலத்திலும் அவர்களைச் சந்திக்கச் செல்வார்கள். ஒருமுறை உம்மு ஐமன் (ரலி) பானம் ஒன்றைக் கொடுத்தார்கள். நபியவர்கள் நோன்பு வைத்திருந்தார்களோ, விருப்பமில்லையோ, அதை அருந்தவில்லை. உடனே உம்மு ஐமன் (ரலி) குரலை உயர்த்திச் சத்தமிட்டு முணுமுணுத்தார்கள். முஸ்லிம் நூலில் இந்த நிகழ்ச்சி இருக்கிறது. இன்னொரு முறை, அன்பளிப்பாக வந்த பேரீச்ச மரங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் வேளை வந்தது. அவை அப்போது உம்மு ஐமன் (ரலி) அவர்களிடம் இருந்தன. அவற்றைக் கேட்டு வந்த அனஸ் (ரலி) அவர்களின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, 'முடியவே முடியாது' என்று மறுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக இவ்வளவு தருகிறேன், இன்னும் இவ்வளவு தருகிறேன் என்று நபியவர்கள் ஏற்றிக்கொண்டே போய், ஏறத்தாழப் பத்து மடங்குவரை கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்தினார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நபியவர்கள் பணியாளரிடம் அன்பு காட்டினார்கள் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அன்பு காட்டுவது எளிது; பழைய சேலையும் பெருநாள் காசும் கொடுத்துவிட்டால் நம் கணக்கில் அது முடிந்துவிடும். இங்கே நான் பார்ப்பது வேறொன்று. வளர்த்தவருக்குத் தாம் வளர்த்த பிள்ளையிடம் குரலை உயர்த்த உரிமை இருந்தது. பிடிவாதம் பிடிக்க உரிமை இருந்தது. நம் வீடுகளில் இல்லாதது அதுதான். ஆயாவிடம் குழந்தையை ஒப்படைக்கிறோம். குழந்தையைத் திருத்தும் அதிகாரத்தை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்கிறோம். 'நம்மைக் கண்டிக்கும் தைரியம் இவருக்கு இல்லை' என்பதைக் குழந்தை ஒன்றரை வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறது.

"இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள்" என்று என் உறவினர் ஒருவர் சொன்னார். அவருடைய அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். குழந்தையை அடித்த, மிரட்டிய ஆட்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். அடிக்கும் உரிமையை நான் கேட்கவில்லை. "இப்படிப் பேசக்கூடாது" என்று சொல்லும் உரிமையைக் கேட்கிறேன்.

"குழந்தைதானே, அறியாமல் பேசுகிறது" என்பது அடுத்த சமாதானம். உண்மை. பருவமடையும்வரை பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது ஹதீஸ். ஆனால் பெற்றோர் மீதிருந்து அது உயர்த்தப்படவில்லையே. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸும் அதே மார்க்கத்தில்தான் இருக்கிறது. குழந்தையின் ஏட்டில் எழுதப்படாத ஏச்சு என் ஏட்டில் எழுதப்படுமோ என்று நான் அஞ்சுகிறேன். தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வந்து, இவரை ஏசியதற்காக, அவரை அடித்ததற்காக நன்மைகளையெல்லாம் பறிகொடுத்து நிற்பவரே உண்மையில் திவாலானவர் என நபியவர்கள் சொன்னது வியாபாரிகளாகிய நமக்கு நன்றாகவே விளங்க வேண்டும்.

"சம்பளம் கொடுக்கிறோம்" என்போரிடம் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 2018-இல் அரசு அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை, மணிக்கு 37 ரூபாயிலிருந்து, நிர்ணயித்தது. எத்தனை பேர் நம் வீட்டு ஆயாவை வாரியத்தில் பதிவு செய்ய அழைத்துச் சென்றோம்? எட்டு ஆண்டுகளில் எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஆயா என்றாலே நமக்கு அந்நியமான ஒரு கூட்டம் என்ற எண்ணம் வேறு இருக்கிறது. இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நினைவிருக்கிறதா? நம் மொழி பேசிய, நம் மார்க்கத்தைச் சேர்ந்த ஏழைப் பெண். 2005-இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். போன சில வாரங்களிலேயே, அவர் பாலூட்டிக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி வாதிட நான் இங்கே வரவில்லை. அன்று நம் ஊர்களிலும் பலர் கலங்கினார்கள். 'வீட்டு வேலைக்குப் போன பிள்ளையை எப்படி நடத்தினார்களோ' என்று நம் தாய்மார்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கடல் தாண்டிக் கேட்கத் தெரிந்த நமக்கு, நம் சமையலறைக்குள் கேட்கத் தெரியவில்லை.

அன்று இரவு என் மகனிடம் ஆயாவைப் பற்றிப் பேசவில்லை. களத்தில் நான் கத்தியது தவறு என்று மட்டும் சொன்னேன். "அந்த அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா அத்தா?" என்று கேட்டான். மறுநாள் கேட்கப் போனேன். அந்தத் தொழிலாளி அதற்கு முந்தைய வாரமே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டிருந்தார். மேஸ்திரியிடம் இருந்த எண்ணுக்கு அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே வருகிறது. இன்றுவரை அப்படித்தான். அடியாருக்குச் செய்த அநியாயத்தை அடியாரே மன்னிக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அந்தக் கடன் நிற்கிறது.

ஆயாவிடம் என் மனைவியும் நானும், மகன் காதுபட, ஒன்றைச் சொன்னோம்: "அவன் மரியாதையில்லாமல் பேசினால் நீங்கள் கண்டிக்க வேண்டும். எங்களைக் கேட்க வேண்டியதில்லை." அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "சின்னப் பிள்ளைதானுங்க, அதுக்கென்னங்க தெரியும்" என்று உள்ளே போய்விட்டார். எங்களை அவர் நம்பவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. எட்டு ஆண்டு வழக்கத்தை ஒரு வாக்கியத்தில் மாற்ற நினைத்தவர்கள் நாங்கள்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இருவரும் அவரிடம் 'வாங்க, போங்க' என்று பேசத் தொடங்கினோம். முதல் வாரம் எங்கள் நாக்கே தடுமாறியது. அவருக்கும் கூச்சமாக இருந்தது. மகன் சில நாள் 'வாங்க' என்பான், சில நாள் மறந்துவிடுவான்.

பெருநாள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தவன், "ஆயா, தட்டை எடு" என்று சொல்லிக்கொண்டே கைகழுவப் போனான். நான் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு சமையலறையிலிருந்து ஆயாவின் குரல் வந்தது. சற்றே நடுங்கிய, ஆனால் உறுதியான குரல்.

"நீங்களே எடுத்துட்டு வாங்க சாமி."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் செய்தித்தாளை விலக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து, தட்டை எடுத்துப் போனான்.