சீட்டும் கணக்கும்

சீட்டுக்கட்டு என்றாலே நமது ஜில்லாவில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதில் வியப்பில்லை. பட்டறைக் கொட்டகையிலும், லாரி நிற்கும் புளியமர நிழலிலும், விரித்த துண்டின்மேல் ஒரு மாதச் சம்பளம் ஒரு பொழுதில் கரைவதைக் கண்டவர்கள் அவர்கள். துண்டு போய்க் கைபேசி வந்த பிறகு நஷ்டம் பன்மடங்காயிற்று. கடன் தாளாமல் உயிரை மாய்த்துக் கொண்டவர்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகள் போட்டு அலுத்துவிட்டன. இந்த நிலையில், 'பிள்ளைகள் கையில் சீட்டைக் கொடுங்கள். பாடசாலையிலேயே கொடுங்கள்' என்று ஒரு தினசரி எழுதினால், ஆசிரியருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நேயர்கள் ஐயுறலாம். 1937 அக்டோபர் முதல் தேதி சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகக் கள்ளுக்கடைகளைச் சாத்திய சேலம் ஜில்லாவில் சூதைப் பள்ளிக்குள் அழைப்பதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். 2024-ல் தேசத்தின் கிராமங்களில் நடந்த 'அசர்' கல்விக் கணிப்பின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 30.7 பேர். வகுக்கத் தெரியாத பிள்ளை நாளைக்குக் கடன் பத்திரத்தில் வட்டி சரியா என்று பார்க்கமாட்டான். கூலியில் பிடித்தம் எவ்வளவு என்று அறியமாட்டான். பஞ்சாயத்தின் வரவு செலவைத் தட்டிக் கேட்கமாட்டான். சுயராஜ்யத்தில் பிரஜைக்குக் கிடைத்த உரிமைகளுள் கணக்குக் கேட்கும் உரிமை தலையாயது. நூற்றுக்கு எழுபது பேர் அதைக் கையாளும் வகை தெரியாமல் வளர்கிறார்கள்.

அந்த எழுபது பேரும் மந்தபுத்தியுள்ளவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். சங்ககிரியில் லாரித் தொழில் நடக்கும் வீட்டுப் பையனைக் கேட்டுப் பாருங்கள். இத்தனை டன் பாரத்துக்கு இன்ன வாடகை, டீசலுக்கு இவ்வளவு, சுங்கச்சாவடிக்கும் டிரைவர் படிக்கும் போக மிச்சம் இவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவான். அதே கணக்கை இலக்கமும் குறியுமாகக் கரும்பலகையில் எழுதினால் திகைத்து நிற்பான். இது நமது ஊகம் மட்டுமன்று. கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைக் கடைகளில் வேலை செய்யும் 1,400-க்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைச் சோதித்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய அறிஞர்கள் 2025-ல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்ட முடிவும் இதுவே. கடையில் மனக்கணக்காய்ச் சொன்னவர்கள் தாளில் தடுமாறினர். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் கற்றதைக் கடையில் பிரயோகிக்க முடியாமல் விழித்தனர்.

நமது முன்னோர் இந்த இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று என்று எண்சுவடியை முறைபோட்டு ஒப்பித்த பையன், களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அதையே உபயோகித்தான். வீட்டுக்குள்ளே பெண்மக்களுக்குப் பல்லாங்குழி இருந்தது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது காய். எதில் எடுத்தால் எங்கே வெறுங்குழி விழும் என்று முன்கூட்டியே எண்ணும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். இவற்றின் பெருமையைப் பேசுவதில் நாம் எவருக்கும் பின்வாங்கியவர்களல்லர். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பல்லாங்குழியில் காய் உண்டு, இலக்கம் கிடையாது. எத்தனை நாள் எண்ணினாலும் 7 என்ற எழுத்தைக் குழந்தை அங்கே காண்பதில்லை. விளையாடினாலே கணக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இவ்விடத்தில்தான் ஏமாறுகிறார்கள். டில்லியில் 1,540 பாலர்களைக் கொண்டு செய்து 2017-ல் வெளியிட்ட பரிசோதனையில், அளவுகளை ஒப்பிடும் ஆட்டங்களை ஆடிய குழந்தைகளுக்கு அளவுணர்ச்சி கூர்மையடைந்து ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. ஆனால் ஆரம்பப் பள்ளியில் எழுத்துக் கணக்குக் கற்பதற்கு அது கைகொடுக்கவில்லை.

சீட்டின் விசேஷம் இதில்தான் இருக்கிறது. ஓர் ஏழைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூலையில் 7 என்ற இலக்கம். நடுவில் ஏழு குறிகள். சந்தேகமிருந்தால் குழந்தை குறிகளை விரல் வைத்து எண்ணிக் கொள்ளலாம். பழகிவிட்டால் மூலையைப் பார்த்தாலே போதும். எண்ணிக்கையிலிருந்து எழுத்துக்குப் போகும் வழி உள்ளங்கை அகலத்தில் அச்சாகியிருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழர் வழிவழியாக ஆடிவரும் முந்நூற்று நான்கு என்னும் ஆட்டத்தை நேயர்களில் சிலர் அறிந்திருப்பார்கள். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76 ஆயிற்று. நான்கு வகைக்கு 304. ஆட்டத்தின் பெயரே ஒரு பெருக்கலின் விடை! கேள்வி கேட்டவர் இத்தனை எடுத்தார் என்றால் எதிரி எடுத்தது எவ்வளவு என்று ஒவ்வொரு சுற்றிலும் 304-லிருந்து கழித்தாக வேண்டும். 'கழித்தல் பயிற்சி' என்று தலைப்பிட்டு இருபது கணக்குக் கொடுத்தால் இருபதாம் கணக்குக்குள் தூங்கிவிடும் பையன், துருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது முறை கழிப்பான்.

சூது என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். ரம்மியில் விழுந்த சீட்டுகளை ஞாபகத்தில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1967-லேயே கூறிற்று. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சர்க்கார் செய்த சட்டம் ரம்மிக்குச் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்ததற்கும் இந்தத் 'திறமை'யே ஆதாரம். கம்பெனிக்காரர்கள் இச்சொல்லைக் கேடயமாக்கிக் கொண்டு ஏழையின் பையைத் தடவினார்கள். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது என்று 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றியதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். விஷம் இருப்பது பந்தயத்தில். பந்தயத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நினைவும் கணக்கும். கம்பெனி வக்கீல்கள் கோர்ட்டில் அவ்வளவு அருமையாக நிரூபித்த அத்திறமையை நம் பிள்ளைகளுக்காகப் பறித்துக்கொள்வதில் என்ன தவறு?

கடைச் சீட்டை அப்படியே பள்ளிக்குள் கொண்டுபோகச் சொல்லவில்லை. அதில் பூஜ்யம் இல்லை. பூஜ்யம் இல்லாத கட்டு நமது தேசத்துப் பிள்ளைக்கு எதற்கு? பூஜ்யம் முதல் பத்து வரை, நான்கு வகைக்கு 44 அட்டை போதும். ராஜா ராணிக்குப் பதில் ஒன்றும் வேண்டாம். குறிகள் நிலக்கடலை, பருத்தி, தேங்காய், லாரிச் சக்கரம் என்று இருக்கட்டும். சிறு பிள்ளைகள் இரண்டு சீட்டைச் சேர்த்துப் பத்து ஆக்கி எடுக்கலாம். சற்றுப் பெரியவர்கள் மும்மூன்று சீட்டு எடுத்துப் பெரிய எண் அமைக்கலாம்; 4, 0, 7 வந்தவன் 470 என்று வைத்துவிட்டு, அடுத்தவன் சொல்லாமலே 740 என்று திருத்திக்கொள்ளும்போது ஸ்தான மதிப்பு அவனுக்கு விளங்கிவிட்டது. சீட்டுக் கலைவதால் பலவீனமான பிள்ளையும் சில வேளை ஜயிப்பான். பரீட்சையில் அவனுக்கு அந்த அனுபவம் ஒருநாளும் கிட்டாது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் ஆடுகிற பிள்ளையே சிலேட்டில் எழுத வேண்டும், உபாத்தியாயர் எழுதக் கூடாது. எழுதாத ஆட்டம் பல்லாங்குழியோடு நின்றுவிடும். ஜயித்தவனுக்கு மிட்டாய் கூடக் கொடுக்கலாகாது.

இது நமது பள்ளிகளுக்கு முற்றிலும் புதிதன்று. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு ராஜ்யமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகளைக் கொண்டே நடந்தது. அங்கே பிள்ளை தன் அட்டையைத் தானே முடித்து ஏணியில் அடுத்த படிக்குப் போனான்; எதிரே உட்கார்ந்து 'உன் கூட்டல் தப்பு' என்று சொல்ல ஆளில்லை என்பது நமது அபிப்பிராயம். 2022-ல் சர்க்கார் ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தாராளமாக இடம் வைத்திருக்கிறது. புதிய உத்தரவு எதற்கும் காத்திருக்க அவசியமில்லை.

அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு, நால்வருக்கு ஒரு கட்டாகப் பதினைந்து கட்டு, 660 அட்டை. லாரி ஆபீஸ்களில் எறியப்படும் பழைய அட்டைப் பெட்டிகளும், ஒரு கத்தரிக்கோலும், இரண்டு வர்ண மையும் இருந்தால் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு வாரத்தில் வெட்டி எழுதி முடிப்பார்கள். 660 அட்டைக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்ற கணக்கையும் அவர்களிடமே விடலாம். சங்ககிரி லாரி உரிமையாளர்கள் பெட்டிகளைச் சேர்த்துக் கொடுக்கட்டும். தாலுகாவிலுள்ள ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவும் அடுத்த கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, பெற்றோரை அழைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே பிள்ளைகளை ஓர் ஆட்டம் ஆடச் சொல்லட்டும். முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு முன்வரிசையில் இடம் போடுவது நலம்.